படமெடுத்த கை, சோறிட்ட கை

மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்குக் கீழே கிடக்கும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள், தாது வருடப் பஞ்சத்தில் நிவாரணக் கூலிக்கு வந்தவர்கள். அதே பஞ்சத்தைப் படமெடுத்தார் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. எலும்பும் தோலுமாகிவிட்ட மக்களைக் கூட்டமாக உட்காரவைத்து எடுத்த படங்கள் அவை. எடுத்து முடித்ததும் சோறு போடாமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு இன்றளவும் அவரை விடவில்லை.

பதிவு செய்வதுதான் செய்திப் புகைப்படக்காரரின் வேலை, தலையிட்டால் உண்மை திரிந்துவிடும் என்பார்கள். ஹூப்பரின் படங்களே இதற்குப் பதில். பசித்தவர்களைத் திரட்டி உட்காரவைத்தபோதே தலையிட்டாயிற்று. படத்துக்காகத் தலையிடலாம், கஞ்சிக்காகக் கூடாது என்பது என்ன நியாயம்? ஒரு படம் ஆயிரம் பேரைக் காப்பாற்றுமே என்பது அடுத்த வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் அதற்காக உதவியைக் கைவிட வேண்டியதில்லை. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி பஞ்சத்தைப் பற்றி எழுதினார். நிவாரணக் குழுவின் செயலாளராகவும் உழைத்தார். 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சென்ற வேண்டுகோளுக்கு லண்டனில் லட்சக்கணக்கான பவுண்டு திரண்டது. டிக்பி 1878இல் வெளியிட்ட நூல் இன்றும் அந்தப் பஞ்சத்துக்கு முக்கிய ஆவணம். உதவியதால் அவர் எழுத்து பொய்யாகிவிடவில்லை.

எப்போதும் கேமராவைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துக் கோட்டூர்புரத்தில் புகுந்தபோது, மீனவர்கள் படகுகளோடு வந்து மக்களை மீட்டார்கள். நீச்சல் தெரியாத புகைப்படக்காரர் அங்கே வெள்ளத்தில் இறங்கினால், மீட்கப்பட வேண்டியவர்களில் ஒருவர் கூடுவார், அவ்வளவுதான். எந்தத் தெரு இன்னும் மூழ்கிக் கிடக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதே அவர் செய்யக்கூடிய உதவி. பின்னிரவில் தி.நகர் மேம்பாலத்தில் ஒருவர் அடிபட்டுக் கிடக்க, பக்கத்தில் கேமராக்காரரைத் தவிர யாருமில்லை என்றால் நிலைமை வேறு. முதலில் 108ஐ அழைத்து, ரத்தம் நிற்க வழி செய்ய வேண்டும், படம் அப்புறம். வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு தருகிறது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நொடியில் இவருக்கு என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? இதற்குப் பதில் சொல்லும் சுமையைப் புகைப்படக்காரர் தலையில் மட்டும் ஏற்றிவிடக் கூடாது. உயிரைக் காப்பாற்றப் போய்ப் படமில்லாமல் திரும்புபவரைக் குறை சொல்ல மாட்டோம் என்று ஒவ்வொரு பத்திரிகை அலுவலகமும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த உறுதி இருந்தால்தான் தெருவில் நிற்பவர் தயங்காமல் கை நீட்டுவார்.