கூச்சத்திற்கு உயிரைக் கொடுப்பதா?

காலை வேளையில் ஆம்பூர்ச் சாலையோரம் நின்று பாருங்கள். சாப்பாட்டுத் தூக்கும் கையுமாகப் பெண்கள் கூட்டங் கூட்டமாக ஷூ கம்பெனிகளுக்கு விரைவதைக் காணலாம். கடல் கடந்து செல்லும் ஜோடுகளின் தோலில் கடுகளவு பழுதிருந்தாலும் அவர்கள் விரல் கண்டுபிடித்துவிடும். ஆனால், தம் மார்பிலேயே ஒரு கட்டி தட்டுப்பட்டால்? "வலிக்கவில்லையே, தானே கரைந்துவிடும்" என்று வாளாவிருந்து விடுகிறவர்கள் எத்தனை பேர்!

வலியில்லாமைதான் அபாயம். இந்தியப் பெண்களை இன்று மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. ஆரம்பத்தில் அந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

ஆண் வைத்தியரை அழைக்க மனமின்றி, திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் மாண்டார்கள். அதைக் கண்டு மனம் மாறிய ஐடா ஸ்கட்டர், டாக்டராகத் திரும்பி வந்து, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் கண்டார்.

அந்தக் கூச்சத்திற்கு இன்று இடமேது? 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் கையால் பரிசோதிக்க வேண்டும் என்பது 2016-ல் இந்திய அரசு வகுத்த முறை. இயந்திரம் வேண்டியதில்லை; சில நிமிஷம் போதும். பம்பாயில் இருபதாண்டுகள் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2021-ல் வெளிவந்தது. இத்தகைய பரிசோதனையால், ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்ததாம்!

கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதையும் அறிந்து தைரியம் கொள்ளுங்கள். சகோதரர்களே! ஒரு நாள் கூலி போனால் போகட்டும். வீட்டுப் பெண்களை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.