கைக்கருவியும் கவனகமும்

நாச்சியாபுரத்துத் திண்ணைகளில் புளியங்கொட்டை இட்டுப் பல்லாங்குழி ஆடியோர், 14 குழிகளின் கணக்கையும் நெஞ்சில் நிறுத்தினர். இன்று அவ்விடத்தைக் கையடக்கக் கருவிகள் பெற்றுள்ளன. அவை மூளையைக் கூராக்கும் என்பது உண்மையா என நாம் ஆராய்தல் வேண்டும்.

2005-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் தன் 'டி.எஸ்.' கருவிக்கென மூளைப் பயிற்சி விளையாட்டொன்றை வெளியிட்டது. பேராசிரியர் ரியூட்டா கவாஷிமாவின் கருத்துகளைத் தழுவியது அது. விரைந்து கணக்கிடல், உரக்கப் படித்தல் முதலிய பயிற்சிகளைத் தந்து, ஆடுவோரின் 'மூளை வயது' இதுவெனக் கூறும்.

இத்தகைய கணினிவழிப் பயிற்சிகளை 11,430 பேரிடம் ஆறு வாரம் சோதித்த ஆய்வு, 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பழகிய பயிற்சிகளில் அவர்கள் தேர்ந்தனர். பழகாத பிற சோதனைகளுக்கு அத்தேர்ச்சி உதவவில்லை. அதாவது, எதைப் பழகுகிறோமோ அதுவே வளர்கிறது.

இவ்வுண்மைக்கு நம்மிடையே சான்று உண்டு. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே வேளையில் நூறு பொருள்களில் கவனம் செலுத்தும் சதாவதானம் நிகழ்த்தினார் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர். சீறாப்புராணத்துக்கு உரை வரைந்த அவரது புலமை, நூல்களை ஓதி ஓதிப் பெற்றதாகும்.

மாணவச் செல்வங்களே! ஓய்வுக்கு விளையாடுவதில் குற்றமில்லை. ஆனால் பாடம் நெஞ்சில் நிற்க வேண்டுமாயின், பாடத்தையே பழகுங்கள். அதற்குரிய நேரத்தைக் கருவிக்கு ஈந்துவிட்டு, அறிவு வளர்ந்ததென மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.