மலையில ராத்தங்கல்: ஜவ்வாது மலைக்கு நண்பர்களோட கிளம்பறதுக்கு முன்னாடி

கேட்கறவங்க அனுப்பற மெசேஜ்ல அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "நாலஞ்சு ஃப்ரெண்ட்ஸ் பையை மாட்டிக்கிட்டு மலைக்குப் போகணும். கூட்டம் இல்லாத இடத்துல, ஒரு சின்ன ஹாஸ்டல்ல தங்கணும். எங்க போகலாம்?" இதுல கடைசி வார்த்தையை மட்டும் நான் மாத்திக் கேட்பேன். எங்கங்கறதைவிட, எப்பங்கறதுதான் பெரிய கேள்வி.

எனக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டுல சுமார் 20 கிலோமீட்டர். எங்களுக்கு மலைன்னா முதல்ல அண்ணாமலை. ராத்தங்கற மலைன்னா ஜவ்வாது மலை. திருவண்ணாமலை போய், போளூர் போய், அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வளைஞ்சு ஏறினா ஜமுனாமரத்தூர். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி கடைத்தெருவும் போட் ஹவுஸ் கூட்டமும் எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. சாமை வயல், புளியமரம், பலா மரம், நடுநடுவே காடு. இங்க இருக்கற மக்கள்ல பெரும்பாலானவங்க மலையாளிப் பழங்குடியினர். கேரளாவோட சம்பந்தம் இல்லை, பேசறது தமிழ்தான். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து மலையேறினதா அவங்களே ஒரு வாய்மொழிக் கதை சொல்றாங்க.

சரி, எப்பங்கற கேள்விக்கு வருவோம். எங்க ஐந்து பேர் க்ரூப்புல போன வருஷம் பெரிய சண்டையே நடந்தது. மூணு பேருக்கு மார்ச்சுலதான் லீவு கிடைச்சது. "வெயில் காலத்துலதானே மலைக்குப் போகணும்"ங்கறது அவங்க வாதம். நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன். காரணம் குரங்கணி.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு, தேனி மாவட்டம் குரங்கணியிலிருந்து மலையேறினாங்க. ராத்திரி கொழுக்குமலையில தங்கினாங்க. அந்த ராத்தங்கல்ல ஒரு பிரச்சினையும் இல்லை. மறுநாள் இறங்கும்போது, காய்ஞ்ச புல்வெளியில தீ அவங்களைச் சூழ்ந்துடுச்சு. விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் மீட்புக்கு வந்தாங்க. கடைசியில இறந்தவங்க எண்ணிக்கை 23. நிறைய பேர் இருபதுகள்ல இருந்தவங்க. நம்மள மாதிரி வீக்எண்டுக்குப் போனவங்க.

மலைத்தீ ஏன் இவ்வளவு வேகமா வருதுன்னு புரிஞ்சா மார்ச் மாசம் ஏன் வேண்டாம்னும் புரியும். சமதரையில எரியற தீயோட சூடு நேரா மேல போயிடும். சரிவுல அப்படி இல்லை. மேல இருக்கற புல், தீயோட முகத்துக்கு நேரா இருக்கு. சூட்டுல அந்தப் புல் முன்கூட்டியே வறண்டு, தீ வந்து தொடற அந்த நிமிஷமே பத்திக்குது. சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்ங்கறது தீயணைப்புக்காரங்க வெச்சிருக்கற தோராயக் கணக்கு. 20 டிகிரின்னா நாலு மடங்கு. பயத்துல நம்ம கால் மேல்நோக்கித்தான் ஓடும். உச்சிக்குப் போனா தப்பிச்சிடலாம்னு மனசு சொல்லும். ஆனா தீயும் அதே பாதையில நம்மளவிட வேகமா ஏறும். பக்கவாட்டுல விலகணும், வழி இருந்தா கீழே இறங்கணும். பாறைத் திட்டோ, ஏற்கெனவே எரிஞ்சு அணைஞ்ச தரையோ கிடைச்சா அதுதான் அடைக்கலம். உயரமான புல்லுக்குள்ள மட்டும் நுழையவே கூடாது.

ஜவ்வாது மலையில பெரும்பகுதி இலையுதிர் காடு. பிப்ரவரி, மார்ச்சுல தரை முழுக்கச் சருகு. நடந்தா அப்பளம் நொறுங்கற சத்தம் கேட்கும். ஒரு பீடித் துண்டு போதும். கேம்ப்ஃபயர் போடணும்னு ஆசைப்படற நண்பர் எல்லா க்ரூப்புலயும் ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட இந்தச் சருகைப் பத்திச் சொல்லுங்க.

குரங்கணிக்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது. 2024 அக்டோபர்ல அரசாங்கமே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோட திறந்தாங்க. வழிகாட்டியும் கூட வருவார். அவங்களே 2025-ல பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் தீக்காலம்னு மூடிட்டாங்க. அரசாங்கமே கதவைச் சாத்தற மாசத்துல நாம எதுக்குச் சந்து வழியா நுழையணும்? அந்தப் பட்டியல்ல இல்லாத மலைக்குப் போனாலும் காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது, டென்ட் அடிக்கறது எல்லாம் சட்டப்படி குற்றம். ஊர்ப் பாதை, பட்டா நிலம், வனத்துறை அனுமதிச்ச இடம், இதோட நிறுத்திக்கணும்.

அப்போ மழைக்காலத்துல போகலாமான்னு கேட்பீங்க. அதுக்கும் எங்க மாவட்டத்துலயே பதில் இருக்கு. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. அண்ணாமலை அடிவாரத்துல வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு 7 பேர் இறந்தாங்க. அதுல 5 பேர் குழந்தைங்க. அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடலை. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு: மண் சரியறதுக்கு அந்த நிமிஷம் மழை பெய்யணும்னு அவசியமில்லை. ரெண்டு மூணு நாளா குடிச்ச தண்ணியோட எடையே மண்ணை இறக்கிடும். அதனால இன்னைக்கு வானம் வெளுத்திருக்குங்கறதை நம்பிக் கிளம்பாதீங்க. முந்தின நாலு நாள் என்ன மழைன்னு பாருங்க.

கழிச்சுப் பார்த்தா, மார்கழி பாதியிலிருந்து மாசி பிறக்கற வரைக்கும்தான் நிம்மதியான நாட்கள். எங்க க்ரூப் கடைசியில ஜனவரியில போச்சு. சண்டை போட்டவங்க ஸ்வெட்டர் எடுத்துட்டு வரலைங்கறது வேற கதை.

இப்போ ஹாஸ்டல். இந்த யோசனையே ஒரு மழையிலதான் பிறந்தது. 1909 ஆகஸ்ட்ல ரிச்சர்ட் ஷிர்மான்னு ஒரு ஜெர்மன் பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிட்டுப் போனார். இடி மழையில மாட்டிக்கிட்டு, ராத்திரி ஒரு பள்ளிக்கூடத்துல ஒதுங்கினாங்க. லீவுல சும்மா கிடக்கற பள்ளிக்கூடங்களை நடந்து போறவங்களுக்கு ஏன் திறந்து விடக் கூடாதுன்னு அவருக்கு அன்னைக்குத் தோணினது. 1912-ல ஆல்டேனா கோட்டையில முதல் நிரந்தர ஹாஸ்டல் வந்தது. அதாவது ஹாஸ்டல்ங்கறது மலிவான லாட்ஜ் கிடையாது. நடந்து வர்றவங்க இருட்டறதுக்குள்ள வந்து சேர வேண்டிய இடம். நீங்க வரலைன்னா, வரலைன்னு யாருக்காவது தெரியற இடம். இந்த ரெண்டாவது விஷயத்துக்காகத்தான் நான் மலையில டென்ட்டைவிட ஹாஸ்டலை நம்பறேன்.

நாங்க தங்கினது ஜமுனாமரத்தூரிலிருந்து தள்ளி ஒரு சின்ன இடம். ஒரே ஹால், எட்டு அடுக்குக் கட்டில், வெளியில பாத்ரூம். போனதும் அந்த அண்ணன் ஆதார் கேட்டார், அப்புறம் வீட்டு நம்பர் கேட்டார். மறுநாள் காலையில கிளம்பும்போது, "எந்தப் பக்கம் போறீங்க தம்பி, எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?" ஐந்துன்னோம். சமையல்கட்டுச் சுவத்துல சாக்பீஸால '5' எழுதினார். எங்களுக்குச் சிரிப்பு. திரும்பி வர்ற வழியில ஒருத்தனுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. நொண்டி நொண்டி வந்துட்டிருந்தோம், போன்ல சிக்னல் இல்லை. ஐந்தே முக்காலுக்கு, வழி ரெண்டாப் பிரியற இடத்துல டார்ச்சோட அந்த அண்ணன் நின்னுட்டிருந்தார். நாங்க எடுக்க இருந்தது தப்பான வழியா சரியான வழியான்னு அப்புறம் அவர்கிட்ட நாங்க கேட்கவே இல்லை.

அதனால புக் பண்ணும்போது போட்டோவைவிட அந்த ஆள்கிட்ட பேசிப் பாருங்க. எந்தப் பாதை இப்போ திறந்திருக்கு, ஓடையில தண்ணி எவ்வளவு, கரடி நடமாட்டம் உண்டா, யாருக்காவது முடியலைன்னா வண்டி எங்கிருந்து வரும்னு கேளுங்க. பதில் தெளிவா வந்தா நல்ல இடம். "எங்க வேணா சுத்தலாம் ப்ரோ, யாரும் கேட்க மாட்டாங்க"ன்னு சொன்னா, நான் வேற இடம் பார்ப்பேன். நீங்களும் மறைக்காதீங்க. யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு, யார் மாத்திரை சாப்பிடறாங்கன்னு அவருக்குத் தெரியட்டும்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கு. 1892-ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் நடை, 400 மீட்டர் ஏத்தம்னு வெச்சுக்குங்க. ஒரு மணி 36 நிமிஷம், கூட 40 நிமிஷம், மொத்தம் ரெண்டேகால் மணி. ஆனா அவர் சொன்னது நடந்து பழகின ஆளுக்கு. ஏழெட்டுக் கிலோ பை, ரீல்ஸ் எடுக்கற நண்பர், டீ, எல்லாம் சேர்த்துப் பாதி நேரம் கூட்டுங்க. மூணரை மணி வரும். ஜனவரியில ஆறு மணிவாக்குல சூரியன் மறையும், மலைச்சரிவுல அதுக்கு முன்னாடியே இருட்டும். நாலரைக்குப் படுக்கையைத் தொடணும்னா ஒரு மணிக்கு நடக்க ஆரம்பிச்சிருக்கணும். கீழ்பென்னாத்தூரிலிருந்து எத்தனை மணி பஸ் பிடிக்கணும்னு இதுலருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்க. நடக்கும்போது க்ரூப்புல மெதுவா நடக்கறவர் முன்னாடி போகட்டும். வேகமா போறவர் கடைசியில வரட்டும். அவருக்குக் கடுப்பாத்தான் இருக்கும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ஹாஸ்டல்ல லைட்டை அணைச்சிடுவாங்க. கரண்ட் சிக்கனம்னுதான் முதல்ல நினைச்சோம். வெளியில வந்து பார்த்தா வானம். இதே மலைத்தொடர்லதான், ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போற வழியில, காவலூர் வானாய்வகம் இருக்கு. இருட்டு, தெளிவு, தெற்கு வானமும் நல்லா தெரியற இடம்னு வைணு பாப்பு தேர்ந்தெடுத்தது. 1968-ல ஒரு சின்ன தொலைநோக்கியோட தொடங்கினாங்க. 1977-ல யுரேனஸைச் சுத்தி வளையங்கள் இருக்கறது தெரிய வந்தப்போ அதைப் பதிவு செஞ்ச இடங்கள்ல இதுவும் ஒண்ணு. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பொதுமக்களை விடற வழக்கம் இருக்கு, ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்குங்க. போகலைன்னாலும் பரவாயில்லை. போனை உள்ள வெச்சுட்டு, கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் கொடுங்க. நடுவுல யாராவது டார்ச் அடிச்சா, மறுபடி முதல்லருந்து இருபது நிமிஷம்.