பேய்க்கு எதுக்கு தியேட்டர்? நேரா டிவிக்கு வந்த ‘பூமிகா’வும் ஒரகடம் பக்கத்து நிலமும்

பூட்டிக் கிடக்கிற பழைய கட்டடம். அங்கே தங்கப் போகும் ஒரு குடும்பம். ராத்திரியில் ஒரு சத்தம். தமிழ்ப் பேய்ப்படம்னா இந்த மூணும் கட்டாயம். ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கி, ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்த ‘பூமிகா’விலும் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் முதலில் வெளியானது தியேட்டரில் இல்லை. 2021 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டார் விஜய் சேனலில். மறுநாள் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது.

ஒரு பேய்ப்படம் ஏன் நேரா டிவிக்கு வரணும்? வந்தால் பயம் குறையுமா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி, ஷிஃப்ட் முடிந்து மொபைலில் படம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை ஏன் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்?

கதை என்ன?

நீலகிரி மலையில் ரொம்ப வருஷமாக ஆள் இல்லாத ஒரு பள்ளி வளாகம். அங்கே புதிய கட்டுமானத் திட்டம் கொண்டுவரும் வேலையோடு ஒரு குடும்பம் போய் இறங்குகிறது. செத்துப்போன ஒருவரின் நம்பரிலிருந்து மெசேஜ் வருகிறது. தோண்டத் தோண்ட, அதே வளாகத்தில் வளர்ந்த பூமிகா என்ற பெண்ணின் கதை வெளியே வருகிறது. ஆட்டிசம் உள்ள அவளுக்கு மரமும் மண்ணும் ஓவியமும்தான் உலகம்.

வழக்கமான சினிமாப் பேய் தன்னைக் கொன்றவரைத் தேடி வரும். பழி தீர்ந்ததும் போய்விடும். இந்தப் பேய் காவல் காப்பது ஒரு நிலத்தை. அந்த நிலத்தை மாற்ற வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று அது பார்ப்பதில்லை.

ஏன் டிவி?

கொரோனா இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் 26 முதல் தமிழகத் தியேட்டர்கள் மூடப்பட்டன. ஆகஸ்ட் 23-ல் தான் 50 சதவீத இருக்கைகளோடு திறக்க அனுமதி கிடைத்தது. அதாவது, தியேட்டர் திறப்பதற்கு முந்தைய நாள் ‘பூமிகா’ வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டது. அதே வருஷம் ஏப்ரலில் யோகி பாபு நடித்த ‘மண்டேலா’வும் இதே ரூட்டில்தான் வந்தது. சேனலுக்கும் ஓடிடிக்கும் உரிமையை விற்றுவிட்டால், டிக்கெட் கவுன்ட்டரை நம்பாமலே தயாரிப்பாளருக்குப் போட்ட பணத்தை எடுக்க வழி உண்டு.

டிவிக்குன்னு தனி ரூல் இருக்கா?

இருக்கு. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே டிவியில் போட முடியாது; ‘யு’ அல்லது ‘யு/ஏ’ வேண்டும். 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, ‘ஏ’ படங்களுக்கு டிவிக்கென்று தனிச் சான்றிதழ் வாங்கலாம். அதனால் டிவிக்கு வரும் பேய்ப்படம் ரத்தத்தைக் குறைத்து, சத்தத்தையும் நிழலையும்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது விளம்பரம். ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 12 நிமிஷம் என்பது விதி. கதவு மெல்லத் திறக்கும்போது சோப்பு விளம்பரம் வந்தால் பயம் போயிடும்னு தோணும். ஆனால் அந்த இடைவெளியில்தான் தண்ணி குடிக்க இருட்டான கிச்சனுக்கு எழுந்து போக வேண்டியிருக்கும். தியேட்டர் பயத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வரலாம். டிவி பயம் அதே வீட்டில்தான் தங்கும்.

இதை ரொம்ப முன்னாடியே புரிந்துகொண்டது பிபிசி. 1992 அக்டோபர் 31 இரவு ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. லண்டனில் பேய் இருப்பதாகச் சொல்லப்படும் வீட்டிலிருந்து நேரலை என்ற தோற்றம். பிரபல தொகுப்பாளர் மைக்கேல் பார்க்கின்சன் ஸ்டுடியோவில். உண்மையில் அது முன்கூட்டியே எழுதிப் படமாக்கிய நாடகம். நம்பிப் பயந்த மக்களின் போன் அழைப்புகள் குவிந்தன. அந்நாட்டு டிவியில் பிபிசி அதை மறுஒளிபரப்பு செய்யவே இல்லை. தமிழில் 2009-ல் மாதவன் நடித்த ‘யாவரும் நலம்’ இதே பயத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோனது: புது அபார்ட்மென்ட் வீட்டு டிவியில் ஓடும் சீரியலில் அந்தக் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் வருகிறது.

சரி, ஒரகடத்துக்கு என்ன சம்பந்தம்?

இங்கே பேய்வீடு தேடினால், பேயே இல்லாத ஒன்று கிடைக்கும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ல் நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மூணு ஷிஃப்டும் நிறைந்திருந்த இடம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. சால்காம்ப் நிறுவனம் அதை வாங்கும் அறிவிப்பு 2019-ல் தான் வந்தது.

நிலம் கணக்குத் தீர்ப்பதையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும், அங்கிருந்து அடையாறு. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தபோது வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. இந்தப் பகுதியின் கார் ஆலைகளும் உற்பத்தியை நிறுத்தின. இப்போது பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் போராடுவதும் வயலுக்காகவும் ஏரிக்காகவும்தான்.

ஆலை வந்ததால்தான் பல வீடுகளில் முதல் மாதச் சம்பளம் வந்தது என்பதும் உண்மை. ‘பூமிகா’வில் மலையேறிப் போகும் குடும்பமும் வில்லன் குடும்பம் கிடையாது, வேலைக்காகத்தான் போகிறது. அவர்கள் போவதற்கு முன்னால் அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று யாருமே கேட்கவில்லை. படத்தில் பயம் தொடங்குவது அங்கேதான்.