உங்களுக்குத் தெரியுமா? மையம் தெரியாமலே மையத்தின் வழியே ஒரு கோடு

வட்டத்தின் மையம் எங்கே என்று தெரியாமலேயே, ஒரு கோடு அதன் வழியாகத்தான் செல்கிறது என்று அடித்துச் சொல்லலாம். வட்டத்துக்குள் ஏதேனும் ஒரு நாண் வரையுங்கள். அதன் நடுப்புள்ளியில் செங்குத்தாக ஒரு கோடு எழுப்புங்கள். மையம் அந்தக் கோட்டில்தான் இருந்தாக வேண்டும்.

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் மூன்றாம் பகுதி இதிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் நிறுவும் விதம் அருமையானது. மையம் அந்தக் கோட்டில் இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து நாணின் இரு முனைகளுக்கும் உள்ள தூரம் சமம், இரண்டும் ஆரங்கள். நாணின் இரு பாதிகளும் சமம். மையத்தையும் நடுப்புள்ளியையும் இணைக்கும் கோடு இரு முக்கோணங்களுக்கும் பொது. மூன்று பக்கங்களும் பொருந்துவதால் முக்கோணங்கள் சர்வசமம். எனவே நடுப்புள்ளியில் உண்டாகும் இரு கோணங்களும் சமம்; ஒரே நேர்கோட்டில் அடுத்தடுத்து அமைவதால் இரண்டும் செங்கோணங்கள். ஆனால் அதே புள்ளியில் ஏற்கெனவே ஒரு செங்குத்துக்கோடு நிற்கிறதே! ஒரு புள்ளியில் நாணுக்கு இரண்டு செங்குத்துகள் இருக்க முடியாது. ஆகவே தொடக்க அனுமானமே தவறு.

மரவேலையில் மையத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. செங்கோண மூலைமட்டத்தின் மூலையை வட்டப் பலகையின் விளிம்பில் வைத்து, அதன் இரு கைகளும் விளிம்பை வெட்டும் இடங்களைக் குறித்து இணைத்தால் கிடைப்பது விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தின் மறுதலை இது. மூலைமட்டத்தை நகர்த்தி இன்னொரு விட்டம் வரைந்தால், இரண்டும் வெட்டும் இடமே மையம்.