கவி பாடியதும் சரிதம் சொன்னதும்

வேல்ஸ் நாட்டுத் துறவியான ஆசர், 893ஆம் ஆண்டில் ஆல்ஃபிரெட் மன்னரின் சரிதத்தை எழுதப் புகுந்தபோது, சிறுவயதில் அம்மன்னர் தாயார் காட்டிய கவிதைப் புத்தகத்தை மனனம் செய்து பரிசாகப் பெற்ற சம்பவத்தை மறவாமல் அதில் சேர்த்தார். அரச சரிதத்துக்கும் கவிதைக்கும் உள்ள இத்தகைய பந்தத்தை நம் தேசத்தில் அறிய விரும்புவோர், தில்லியின் இரு பாரசீக எழுத்தாளர்களை, நிஜாமுதீன் அவுலியாவின் சீடர்களும் தம்முள் நண்பர்களுமான அமீர் குஸ்ரோவையும் ஜியாவுத்தீன் பரனியையும், சேர்த்தே வாசிக்க வேண்டும்.

சுல்தான் பால்பன் 1287இல் காலமானபின், வங்காளத்தை ஆண்ட அவர் புதல்வர் புக்ரா கான் இருக்கவும், இளம் பேரன் கைகுபாத் தில்லியில் முடிசூட, தந்தையும் மகனும் சேனைகளோடு சரயு நதியின் எதிரெதிர்க் கரைகளில் வந்து நின்று, இறுதியில் யுத்தமின்றியே தழுவிக்கொண்டனர். முன்னொரு காலத்தில் அத்தந்தையின் ஆதரவிலேயே வாழ்ந்தவரான குஸ்ரோ, மகனின் வேண்டுகோளுக்கிணங்க, இருவரையும் இரு சுபக்கிரகங்களாக உருவகித்து 1289இல் இயற்றிய காவியமே 'கிரானுஸ் ஸஅதைன்'. அதில் கிலோக்ரி அரண்மனையும் தில்லி நகரின் சோபையும் கண்முன் நிற்கின்றன. அதே சந்திப்பைப் பல்லாண்டு கழித்து, பெரியோர் வாய்மொழியையும் ஆதாரமாகக் கொண்டு எழுதிய பரனியோ, விடைபெற்றுத் திரும்பிய தந்தை, மகனையும் தில்லி ராஜ்யத்தையும் இனிக் காணப்போவதில்லை என்று தம்மவரிடம் சொன்னதையும் பதிவு செய்கிறார். 1290இல் கைகுபாத் அந்தக் கிலோக்ரியிலேயே கொல்லப்பட்டார்.

இதனினும் கூர்மையான வேறுபாடு 1296ஆம் ஆண்டைப் பற்றியது. சிறிய தந்தையும் மாமனாருமான தில்லி சுல்தான் ஜலாலுத்தீனைக் கங்கைக்கரையில் கொல்வித்து அலாவுத்தீன் அரியணை ஏறிய கதையை, அவரது வெற்றிகளையும் அவர் தளபதி மாலிக் காபூரின் தென்னாட்டுப் படையெடுப்பையும் அலங்காரமாக விவரிக்கும் குஸ்ரோவின் 'கஜாயினுல் புதூஹ்' மௌனமாகக் கடந்துவிடுகிறது. பரனி அதை விஸ்தாரமாக, மனம் கொதித்து எழுதுகிறார். வெற்றிகளையே பெரிதும் பேசும் சோழர் மெய்க்கீர்த்திகளைப் பயின்ற நமக்குக் கவிஞரின் மௌனம் விளங்காததன்று. அரசனின் அன்னத்தை உண்டு அவன் முன்னிலையில் பாடியவரை இன்று குற்றம் சாட்டுவது எளிது, ஆயினும் அது நியாயமாகாது. பரனிக்கும் அந்த நிர்ப்பந்தம் இருந்தது. சபையை இழந்து வறுமையுற்ற முதுமையில், 1357இல் முடித்த 'தாரீகே பிரோஸ் ஷாஹி'யில், ஆண்டுகொண்டிருந்த பிரோஸ் ஷாவுக்குப் புகழுரையே வழங்கினார். ஆனால் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் தாம் அருகிருந்து சேவித்த முகம்மது துக்ளக்கின் கொடிய தண்டனைகளைக் கண்டும், உயிருக்கு அஞ்சி உண்மையை உரைக்காதிருந்ததை அந்த நூலிலேயே தம் கைப்பட ஒப்புக்கொண்டார்.