காற்றை அளந்த கோளும் அதன் உரைகல்லும்

காற்று கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் காற்றோடு நகரும் மூலக்கூறுகளும் நுண்துகள்களும் சிதறடிக்கும் ஒளி, அதன் வேகத்தை உணர்த்தும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2018 ஆகஸ்ட் 22 அன்று ஏவிய ஏயோலஸ், இவ்வாறு லேசர் ஒளியால் விண்ணிலிருந்து காற்றை அளந்த முதல் செயற்கைக்கோளாகும். அது ஏறத்தாழ 320 கி.மீ. உயரத்திலிருந்து புறஊதாத் துடிப்புகளை அனுப்பியது. மீண்டு வந்த ஒளியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து காற்றின் வேகம் கணக்கிடப்பட்டது.

அந்த அளவு சரியானதுதானா? இதனை அறிய, ஜெர்மானிய விண்வெளி மையத்தின் ஃபால்கன் விமானம் அக்கோளின் அளவீட்டுத் தடத்தின் வழியே பறந்தது. அதில் லிடார் எனப்படும் லேசர் அளவிகள் இரண்டு இருந்தன. ஒன்று கோளிலுள்ள கருவியின் முன்மாதிரி. மற்றொன்று துல்லியம் மிக்க ஒப்பீட்டுக் கருவி. கோள் இரண்டு நிமிடங்களில் கடக்கும் தொலைவை விமானம் கடக்க ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். அதற்குள் காற்றும் மாறக்கூடும். எனவே, கோள் கடக்கும் நேரத்தையொட்டியே பயணம் திட்டமிடப்பட்டது.

தற்செயல் பிழை, பல அளவீடுகளின் சராசரியில் குறையும். ஒருபக்கமாகச் சாயும் முறைப்பிழை அவ்வாறு குறையாது. ஒப்பீடுகள் அத்தகைய பிழையையே வெளிப்படுத்தின. தொலைநோக்கி ஆடியில் நிலவிய சிறு வெப்பநிலை வேறுபாடுகளே அதற்கு முதன்மைக் காரணம் என்பது, வானிலை மாதிரிகளோடு ஒப்பிட்டபோது புலனாயிற்று. 2020 ஏப்ரல் முதல் அப்பிழை திருத்தப்பட்டது. பிழையுள்ள அளவு, வானிலைக் கணிப்பையும் பிழையாக்கும். சரிபார்க்கப்பட்ட அளவே புயலை முன்னறியத் துணைபுரியும்.